போரில் காயப்பட்டவர்களும் பதில் வராத கடிதங்களும்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கைப் போரில் காயப்பட்டவர்களைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் போடுகிறோம்.

கேள்வி: 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் சித்தப்பா தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார். 2009இல் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது எங்களோடு லயத்தில்தான் இருக்கிறார். ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் ஒன்று இருக்கிறது. மழைக்காலம் வந்தால் புண் வந்துவிடுகிறது. மூன்று மாதமாகக் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு முன் இஸ்தோப்பிலேயே (திண்ணையிலேயே) உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: புண் வந்தால் 'கால் இறுக்குகிறது' என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. வெட்டுப்பட்ட காலின் சதை வற்றிக்கொண்டே போகும். முதல் ஒன்றரை வருடத்தில் வேகமாக வற்றும், அதற்குப் பிறகு உடம்பு மெலிய மெலிய வற்றும். ஆனால் செயற்கைக் காலின் மேல்குழல், சொக்கெட் என்று சொல்வார்களே, அது அன்று எடுத்த அளவிலேயே நிற்கும். கால் அதற்குள் கூடுதலாக இறங்கி, எலும்பு முனை அடியில் போய் இடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் தோல் மேலும் கீழும் உரசும். ஜெய்ப்பூர் காலின் குழல் தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக் வகையில் செய்தது. அது ஈரத்தை உறிஞ்சாது. வியர்வையும் மழைத்தண்ணீரும் உள்ளேயே தங்கித் தோலை ஊற வைத்துவிடும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் பெய்கிற மழைக்கு, ஊறிய தோல் இரண்டு நாளில் உரிந்துவிடும்.

முதலில் புண் ஆற வேண்டும். ஆறும் வரை காலைப் போடவே வேண்டாம். சீழ், கெட்ட மணம், காய்ச்சல், புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவந்த கோடு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சித்தப்பாவுக்கு நீரிழிவு இருந்தால் சின்னப் புண்ணுக்கும் அப்படித்தான்.

ஆறிய பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரொட்டி மாவில் கோலிக்குண்டு அளவு உருண்டை பிடித்து, மெல்லிய பொலித்தீனில் சுற்றிக் குழலின் அடியில் போடுங்கள். வழக்கமான காலுறையோடு காலைப் போட்டு, சுவரைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். எடுத்துப் பார்க்கும்போது உருண்டை அப்பளம்போல நசுங்கியிருந்தால், கால் அளவுக்கு மிஞ்சி இறங்குகிறது. கொஞ்சம் தட்டையானால் சரி. தொடாமல் அப்படியே இருந்தால் கால் முழுதாக உள்ளே போகவில்லை, அதுவும் கெடுதல். இறங்கினால் தையல் மடிப்பு இல்லாத இன்னொரு பருத்திக் காலுறை போட்டு மறுபடி பாருங்கள். இப்படிக் கூட்டிக்கொண்டே போய்ப் பத்து மடிப்புக் கனத்தை (காலுறையின் தடிப்பைச் சொல்லும் 'ப்ளை' கணக்கு) தாண்டினால் காலுறையால் ஆகிற காரியம் இல்லை. புதுக் குழல்தான் வேண்டும்.

மூன்று மாதம் சும்மா இருந்தவர் முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது. கழற்றியதும் ஒரு கைக்கண்ணாடியால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே லேசாகச் சிவந்திருந்தால் பயமில்லை, அந்த இடம் பாரம் தாங்கும். காலின் முன்னெலும்பு விளிம்பிலோ நுனியிலோ சிவந்து, பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அடுத்த நாள் போட வேண்டாம். இரவில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். காலை நேரம் கழுவினால் ஈரத்தோடே மாட்டுவார்கள். போடுவதற்கு முன் எண்ணெயும் பூசக்கூடாது.

இன்னொன்று, மலைநாட்டு வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. நனைந்த செயற்கைக் காலை அடுப்புக்கரையில் காய வைப்பார்கள். குழல் சூட்டில் இளகி வடிவம் மாறிவிடும், பாதத்து ரப்பர் இறுகி வெடிக்கும், தோல் வார் சுருங்கும். துணியால் துடைத்து, காற்றுப் படுகிற இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும்.

உட்கார்ந்தே இருப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். இறுகிய முழங்காலுக்கு எந்தக் காலும் சரியாகப் பொருந்தாது. தினம் இரண்டு தடவை இருபது நிமிடம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க விடாதீர்கள், சுகமாக இருக்கும் என்று அதைத்தான் வைப்பார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். ஊன்றுகோல் நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். அதன் அடி ரப்பரில் வளையக் கோடுகள் தேய்ந்து மழமழப்பானால் உடனே மாற்றுங்கள். பாசி பிடித்த தோட்டத்துப் படிக்கட்டில் அந்த ரப்பர்தான் ஆளைக் காப்பாற்றும்.

புதுக் குழலுக்கு வைத்தியசாலைக் கிளினிக்கில் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்புக் கடிதம் கேளுங்கள். வடக்கில் பழைய பதிவு இருந்தால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலும் கேட்கலாம். இரண்டு மூன்று வருடத்தில் பாதம் தேய்ந்துபோகும், குழல் தளரும். ஒரு கால் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பதுதான் இதில் பெரிய வேதனை. சித்தப்பா மூலையில் சாத்தி வைத்திருக்கும் அந்தக் கால், அவர் மனம் விட்டதற்கு அடையாளம் இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் விட்டுவிட்டதற்கு அடையாளம்.

கேள்வி: என் கணவர் இராணுவத்தில் இருந்தவர். 90களில் மிதிவெடியில் வலது கால் போய், மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர். காலை மாற்றித் தரச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. போனில் கேட்டால் 'ஃபைல் மேலே போயிருக்கு' என்கிறார்கள். நான் தமிழில் எழுதியதுதான் தப்பா?
– வாசகி, கம்பளை

பதில்: தமிழில் எழுதியது தப்பே இல்லை. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது.

நான்காவது கடிதம் போட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். இதற்கு அப்படி முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் கணக்கு இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்பது கணவரின் சொந்த விபரம் என்பதால் விண்ணப்பம் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

இங்கே பலர் சறுக்குவது கேள்வியில். 'ஏன் இன்னும் தரவில்லை?' என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை அல்ல என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: 'இன்ன திகதியில் நான் அனுப்பிய கடிதம் உங்கள் அலுவலகத்தில் எந்தத் திகதியில், எந்த இலக்கத்தில் பதியப்பட்டது? எனது கோப்பு இப்போது எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது, அவருடைய பெயரும் பதவியும் என்ன? அந்தக் கோப்பில் இதுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி தேவை. செயற்கைக் கால் மாற்றிக் கொடுப்பது தொடர்பாக உங்கள் அலுவலகம் பின்பற்றும் சுற்றறிக்கையின் பிரதி தேவை.' நான்கே விடயம்தான், ஆனால் இரண்டாவதில் ஒரு ஆளின் பெயர் காகிதத்தில் வந்துவிடும். 'மேலே போயிருக்கு' என்ற பேச்சு அதோடு நிற்கும்.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை உங்கள் பிரதியோடு ஒட்டி வையுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் மறுத்தாலும், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். நாட்களைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நியாயமான மேன்முறையீடுகள் பல, திகதி தவறியதால் வீணாகின்றன. தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கப் பார்த்தால், ஒருவருடைய சொந்த மருத்துவக் கோப்பு தேசிய பாதுகாப்பு ஆகாது என்று மேன்முறையீட்டில் நேராகவே எழுதுங்கள்.

அலுவலகம் உரிமையையே மறுத்து முடிவு எடுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதற்கும் ஒரு மாதக் கணக்கை மறக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்திருந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது.

தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்ட அலுவலகத்து முகவரிக்கு வருகிற கடிதம் பல கை மாறித்தான் லயத்துக்கு வரும், சில வராமலே போகும். நம்பிக்கையான கடை முகவரி ஒன்றைக் கொடுங்கள், அல்லது தபால் நிலையத்தில் நேரில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: காயப்பட்ட இராணுவத்தினருக்காகத் தமிழ்ச் சஞ்சிகை ஏன் பேச வேண்டும்? அவர்களுக்குச் சிலை இருக்கிறது, விழா இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு என்ன இருக்கிறது?
– இளைஞர், ஹட்டன்

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டோம். 77லும் 83லும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்குப் போனவர்கள் 2009இல் மறுபடியும் ஷெல்லுக்குள் அகப்பட்டார்கள். அந்த மரணங்களுக்கும் காயங்களுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லி இந்தப் பத்தி ஒருநாளும் எழுதாது.

ஆனால் சிலை இருக்கிறது என்பதால் சிப்பாய்க்குக் கால் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். 12 வருட சேவை முடிவதற்குள் காயப்பட்டு விலக்கப்பட்ட படையினர், ஓய்வூதியம் கேட்டு 2019இல் கொழும்புக் கோட்டையில் வீதியில் உட்கார்ந்தார்கள். படையினரின் நலனைக் கவனிக்க ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் வந்தது 1999இல். இருபது வருடம் கழித்தும் அந்த மனிதர்கள் ஊன்றுகோலோடு ரோட்டில். பதுளை, மொனராகலைக் கிராமங்களிலிருந்து வறுமைக்காகப் படையில் சேர்ந்த பையன்கள் எத்தனையோ பேர். மேடையில் வீரர் என்பார்கள், கவுண்டரில் நாளைக்கு வா என்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். சட்டத்தில் இருக்கிறது, கையில் வந்து சேரவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காயம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. மிதிவெடியில் காயப்பட்டவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு, வாழ்வாதாரம் மூன்றையும் அந்த உடன்படிக்கை பேசுகிறது, சீருடையைப் பேசவில்லை. அரச துறை வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. உங்கள் பிரதேச செயலகத்தில் இன்று எத்தனை பேர் அப்படி வேலை செய்கிறார்கள்? கம்பளை வாசகிக்குச் சொன்ன அதே விண்ணப்ப முறையில் நீங்களே கேட்கலாம். கிடைக்கிற பதிலை எங்களுக்கு அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.

சிப்பாயின் கடிதத்துக்குப் பதில் போடாமல் பழகிய அலுவலகம், முன்னாள் போராளியின் கடிதத்தை உறை கிழித்தே பார்க்காது. அதனால்தான் பேசுகிறோம்.

கேள்வி: அண்ணன் சண்டைக் காலத்தில் எங்கே இருந்தார் என்பதை எழுத விரும்பவில்லை. தலையிலும் தோளிலும் காயம். இரவில் தூங்குவதில்லை. பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். குடியும் கூடிவிட்டது. குடியை உடனே நிறுத்தச் சொல்லிப் போத்தலை ஒளித்து வைக்கலாமா?
– வாசகி, வெலிமடை

பதில்: எங்கே இருந்தார் என்பது எங்களுக்கும் வேண்டாம், டொக்டருக்கும் அது கட்டாயம் இல்லை. போத்தலை ஒளிக்காதீர்கள். தினம் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், இல்லாததைக் காண்பது, வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. வைத்தியசாலையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். தலையில் காயம் என்பதையும் அங்கே முதலிலேயே சொல்லுங்கள்.

தூக்கத்தில் கத்தினால் தொட்டு உலுக்காதீர்கள். கால் பக்கம் தள்ளி நின்று, லைட்டைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'அண்ணே, இது வெலிமடை, நான் தங்கச்சி' என்று சொல்லுங்கள். தீபாவளி, தேர்த் திருவிழா, பன்றி விரட்டப் போடும் வெடி, இவை எப்போது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அதிர்ச்சி குறையும். அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் காசு இல்லை. சாகப் போகிறேன் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம்.

கேள்வி: அப்பாவின் இடுப்பில் ஷெல் துண்டு இருக்கிறது. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், பசறை

பதில்: துண்டு இருப்பதை எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவதற்கு முன் வாயாலும் எழுத்தாலும் சொல்லியே ஆக வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு உள்ளே அசைந்தாலோ சூடானாலோ நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கும். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே, எத்தனை என்று பார்ப்பார்கள். தேவையென்றால் சி.டி. ஸ்கேனுக்கு மாற்றுவார்கள். மூட்டுக்குள் ஈயத்துண்டு இருந்தால் வருடக்கணக்கில் ஈயம் இரத்தத்தில் கலக்கலாம் என்பதால், மூட்டு வலியோடு இரத்தச்சோகையும் இருந்தால் அதையும் கேளுங்கள். மருத்துவ அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் 'உடலில் உலோகத் துண்டு உண்டு' என்று டொக்டரிடம் எழுதி வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி: மாதக் கொடுப்பனவு எவ்வளவு, யாரிடம் கேட்பது? 83இல் இங்கேயே அடிபட்டவர்களுக்கு நட்டஈடு உண்டா?
– வாசகர், ரத்தோட்டை

பதில்: வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடும் அரச வைத்தியரின் சான்றிதழோடும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து முதலிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். 'பாரமான வேலை செய்ய முடியாது' என்று மட்டும் எழுதிய சான்றிதழ் பலவீனமானது. எந்த உறுப்பு, எந்த அளவு, நிரந்தரமா என்று எழுதி வாங்குங்கள்.

83 பற்றி: 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம் வடக்கு, கிழக்குப் போரோடு நிற்கவில்லை. அரசியல் கலவரம், குழப்பங்களில் பாதிக்கப்பட்டவர்களும் அதற்குள் வருகிறார்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அன்றைய வைத்தியசாலை அட்டை, தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் நின்ற திகதி, கண்டவர்களின் சத்தியக்கடதாசி, எது கிடைக்கிறதோ அதைச் சேருங்கள். கண்டவர்களுக்கு இப்போது வயது அறுபது எழுபது. அவர்களுடைய வாக்குமூலத்தை இந்த மாதமே வாங்குங்கள்.

கேள்வி: லயத்து வாசலில் மூன்று படி. மாமாவைச் சக்கர நாற்காலியோடு தினம் இரண்டு பேர் தூக்குகிறோம். சாய்தளம் கட்ட எவ்வளவு சாமான் வேண்டும்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: ஒரு அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. படி ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் என்றால் மொத்த உயரம் 45, நீளம் 5.4 மீற்றர். இடம் போதாதென்று மூன்று மீற்றரில் கட்டுவார்கள். அந்தச் சரிவில் தானே தள்ளி ஏறவும் முடியாது, மழையில் இறங்கினால் நாற்காலி நிற்கவும் நிற்காது. நேராக இடம் இல்லையென்றால் சுவரோரமாகத் திருப்பிக் கட்டுங்கள். திரும்பும் இடத்திலும் கதவுக்கு முன்னாலும் ஒன்றரை மீற்றர் சமதளம் விட வேண்டும்.

அகலம் ஒரு மீற்றர். இரண்டு பக்கமும் கருங்கல் கட்டு, நடுவில் கல்லும் மண்ணும் போட்டு நன்றாக இடித்து இறுக்கி, மேலே 7.5 சென்ரிமீற்றர் கொங்கிரீட். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு மணல், நான்கு சல்லிக்கல். 50 கிலோ சீமெந்து மூடை மேற்தளத்துக்கு மூன்று, பக்கக் கட்டுக்கும் சேர்த்து மொத்தம் ஐந்து. சமதளங்களுக்கு இன்னும் இரண்டு போகும். ஓரத்தில் ஒரு செங்கல் உயரத்துக்குத் தடுப்பு விடுங்கள், சக்கரம் விளிம்பைத் தாண்டாது. இஸ்தோப்புக்குப் போடுவதுபோல சிவப்புச் சீமெந்து பூசி வழுக்க விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குமாறால் குறுக்கே கீறிவிடுங்கள்.

லயம் தோட்டத்துச் சொத்து என்பதால் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) எழுத்தில் அனுமதி கேளுங்கள். சாமானைத் தோட்டமே தர வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதி, பிரதேச செயலாளருக்குப் பிரதி என்று கீழே போட்டு, தோட்ட அலுவலகத்தில் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால்.

கொங்கிரீட் போட்ட பிறகு ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். மூடுபனி இருக்கிறதே என்று விட்டுவிட்டால் மேற்பரப்பு பொடிந்து, முதல் மழையிலேயே சல்லி தெரியும். அந்த ஏழு நாளும் மாமாவைத் தூக்கத்தான் வேண்டும்.